கொடி விழாத இரவு

எங்கள் துணைமின் நிலையத்தில்
சிவப்பு எரிந்தால் ஓடுகிறது என்று பொருள்.
பச்சை எரிந்தால் நின்றுவிட்டது.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
ஒத்தக்கடை சிக்னலில் இரண்டு முறை குழம்பி
லாரிக்காரனிடம் வசவு வாங்கியிருக்கிறேன்.

இரவுப் பணி. ஜன்னலுக்கு வெளியே
ஆனைமலை, படுத்த வாக்கில்.
உள்ளே ஏழு பீடர்,
ஏழு கண்ணாடிப் பெட்டிக்குள் அலுமினியத் தட்டுகள்.
நானூறு ஆம்பியரை ஐந்தாகச் சுருக்கி
சிடி சொல்லும் கணக்கைக் கேட்டபடி
அசையாமல் நிற்கும்.
கணக்கு மிஞ்சினால் சுழலும்;
கொஞ்சம் மிஞ்சினால் சோம்பலாக,
ரொம்ப மிஞ்சினால் வெறிகொண்டு.
சுழன்று போய் முள்ளைத் தொட்டதும்
ஒரு சிவப்புக் கொடி பொத்தென்று விழும்.
வெளியே யார்டில் பிரேக்கர் வெடிபோல் திறக்கும்.

தெருச் சண்டையைத் தெருவே தீர்க்கட்டும் என்று
மேலே உள்ள ரிலே
நொடியில் மூன்றில் ஒரு பங்கு பொறுத்திருக்கும்.
கீழே இருப்பவன் வெட்டத் தவறினால்தான் அது எழும்.
எழுந்தால் மேலூர் வரை இருட்டு.

வெட்டுவதும் லேசில்லை.
பிரித்த இடத்தில் மின்சாரம் நெருப்பாகி
இடைவெளியைத் தாண்டப் பார்க்கும்.
ஆனால் நொடிக்கு நூறு தரம்
அது தானே சுழியைத் தொட்டுத் திரும்புகிறது.
காற்றில்லாத பீங்கான் குடுவைக்குள்
விரற்கடை அகலத்தில் காத்திருந்து
அந்தச் சுழியில் வைத்து அணைப்பதுதான் வித்தை.
இத்தனைக்கும் தெம்பு, பின்னறையில் ஐம்பத்தைந்து பேட்டரி.
மின்சாரத்தை நிறுத்தவும் மின்சாரம் வேண்டியிருக்கிறது.
அதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுகிறவள் நான்.

வைகாசி. மழை கண்டு நாற்பது நாள்.
காற்று மட்டும் ஊரைப் பிடுங்கியது.
ஒன்று நாற்பதுக்குப் போன்.
"இருளப்பன் பேசுறேன். கிடை போட்டிருக்கேன்,
வெள்ளப்பாற ஓரம். கம்பி அந்து கெடக்குதும்மா.
சீறுது. ஆடெல்லாம் மெரளுது."

பேனலைப் பார்த்தேன்.
திருவாதவூர் பீடர்: நூற்றுப் பத்து ஆம்பியர்.
சற்று முன் நூற்றுப் பன்னிரண்டு.
ஒரு மாவு மில் நின்றாலே இரண்டு குறையும்.
தட்டு அசையவில்லை. கொடி நின்ற இடத்தில் நின்றது.

காய்ந்த பாறை மின்சாரத்தைக் குடிக்காது.
ஈரமண் என்றால் மடமடவென்று இழுத்திருக்கும்,
ரிலேவுக்கும் தெரிந்திருக்கும்.
மிகுதி மட்டும்தான் அதற்குத் தெரியும்.
இருட்டில் கால் வைக்கப்போகும் ஒருவன்
அதன் கணக்கில் அரை ஆம்பியர்கூட இல்லை.

போன மாசம் இப்படித்தான் ஒருவன்
லைனை நிறுத்தச் சொல்லிப் போன் செய்து
முக்கால் கிலோமீட்டர் கம்பியை வெட்டிக்கொண்டு போனான்.
மெமோ இன்னும் என் மேசையில் இருக்கிறது.
யோசித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.
ரிலே யோசிக்கும் நேரத்துக்கு
நொடியை நூறாகப் பிரித்து அட்டவணை போட்டிருக்கிறார்கள்.
எனக்குப் போடவில்லை.

போனில் ஒரு ஆடு கத்தியது.
கைப்பிடியைத் திருப்பினேன்.

சிவப்பு போய்ப் பச்சை.
அப்புறம் வசவு. அறுபத்து மூன்று அழைப்பு.
முகூர்த்தத்துக்கு மாவாட்டும் மண்டபம்,
தண்ணீர் பாய்ச்சுகிறவர், புழுக்கத்தில் பிள்ளை அழும் வீடு.
"ஏம்மா, தூங்கிட்டியா?" என்றார் ஒருவர்.
"தெரிஞ்சே நிறுத்துறாளுக" என்றார் இன்னொருவர்.
அவர் சொன்னது சரி.

மூன்று இருபதுக்கு லைன்மேன் சேவுகப்பெருமாள்:
"எர்த் போட்டுட்டேன். ஒரு கிடா போச்சு.
ஆளு நல்லாருக்காரு. டீ கேக்குறாரு."

பதிவேட்டில் ஒரு கட்டம்: எந்த ரிலே இயங்கியது?
ஓவர் கரண்ட் என்று எழுதியிருந்தால் கேள்வி வராது.
எதுவும் இல்லை என்று எழுதினேன்.
பக்கத்துக் கட்டத்தில்
இருளப்பன் போன் நம்பரை எழுதினேன்.

ஐந்து ஐந்துக்கு லைன் போட்டேன்.
கரண்ட் வந்ததைச் சொல்ல யாரும் கூப்பிடுவதில்லை.
யார்டில் ஸ்பிரிங் மோட்டார் மட்டும்
கிர்ரென்று தன்னை முறுக்கிக்கொண்டது,
அடுத்த தடவைக்கு.