கோடு தெரிகிறதா

தேவாலாவில் இது பதினோராவது நாள் மழை.
ஜெனரேட்டர் இருமி இருமி நின்றுவிட்டது.
ஜன்னல் வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன்.
குழாய்க்குப் பின்னால்
கறுப்புக் கோடு போட்ட அட்டை.
கோடு தெரிந்தால் வீட்டுக்குப் போகலாம்.

தெரியவில்லை.
கஞ்சித் தண்ணியாய்க் கலங்கிக் கிடக்கிறது
பினீஷின் ரத்தம். வயது ஒன்றேமுக்கால்.
விரல்கள் வீங்கி, வாழைப்பிஞ்சு மாதிரி.

"ஆறு மாசம் நல்லாத்தானே சிரிச்சான்,
அப்புறம் யாரு கண்ணு பட்டுச்சு?"

கண் இல்லை, வெள்ளச்சி.
எலும்பு மஜ்ஜையில் ஒரு புரதம்,
லாரி நம்பர் போல எழுத்தும் எண்ணுமாய் ஒரு பெயர்.
உன் வயிற்றில் இவன் இருந்தவரை
அது கண்ணயர்ந்திருந்தது.
அப்போது ஓடியது வேறு ரத்தம்,
உன் மூச்சிலிருந்தே திருடத் தெரிந்த ரத்தம்.
பிறந்த பிறகு எழுந்து வந்து,
தொரப்பள்ளி செக்போஸ்ட்டில்
ராத்திரி இறக்குவார்களே ஒரு கட்டை,
அப்படி இறக்கிவிட்டது.
எல்லோருக்கும் இறக்கும். எனக்கும் இறக்கியது.
மாற்றுப் பாதையில் வருகிற ரத்தம்
மூச்சு தீர்ந்ததும்
கவாத்துக் கத்தியாய் வளையும் என்று
அதற்கு யார் சொல்லியிருப்பார்கள்?

இதில் ஒரு வார்த்தையும் நான் பேசவில்லை.
மாத்திரை தினமும் கொடு, தண்ணீர் நிறையக் கொடு,
மழையில் நனைய விடாதே என்றேன்.
கடைசியைக் கேட்டுச் சிரித்தாள்.

துணைக்கு வந்த அக்கா கெம்பி
விரலை நீட்டினாள்: "எனக்கும் குத்து."
அதே கலங்கல்.
நாற்பத்தொரு வயது. மூன்று பிரசவம்.
முதுகில் முப்பது கிலோ கொழுந்து.
ஒரு நாள் மூட்டு வலித்ததில்லையாம்.

அடுத்த வாரம் ரிப்போர்ட்.
குழந்தை ரத்தத்தின் இடத்தில்
கெம்பிக்குத் தடித்த ஒரு பட்டை.
இவள் காவல்காரன்
நாற்பது வருஷமாய்க்
கட்டையைப் பாதியில் பிடித்துக்கொண்டு தூங்குகிறான்.

எங்கோ தூரத்தில்
அந்தக் காவலனின் விசிலைக்
கத்தரித்துவிடக் கற்றுக்கொண்டார்களாம்.
ஆகும் செலவுக்கு
இந்த எஸ்டேட்டை பங்களாவோடு வாங்கலாம்.
அதையும் சொல்லவில்லை.

"அப்ப எனக்கு சீக்கா, இல்லையா?"
இருக்கு. ஆனா இல்லை.
"அதுக்கு அரை நாள் கூலி போச்சே."

பினீஷ் மேஜையில் ஏறிக்
குழாயைத் தள்ளிவிட்டு அட்டையை எடுத்தான்.
வீக்கம் வடிந்த விரலால்
ஒவ்வொரு கோடாகத் தொட்டு எண்ணுகிறான்:
ஒண்ணு.
ஒண்ணு.
ஒண்ணு.