பதினைந்து துளை

கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டான்.
ஐம்பத்தெட்டு வேகன். எண்ணினேன், வேறு வேலையில்லை.
ஷேர் ஆட்டோவில் என் மடிமேல்
அட்டைப்பெட்டியோடு புது மானிட்டர்,
மாதம் எழுநூறு தவணை.
பழையது நேற்று ராத்திரி
பச்சையாய் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது.
அதற்குப் பத்து நிமிஷம் முன்னால்தான்
தேசிங்குவின் கண்ணீர் அஞ்சலியை அடித்து முடித்திருந்தேன்.

கடை எட்டுக்கு ஆறு.
ஒரு ஜெராக்ஸ், ஒரு லேமினேஷன்,
ஹார்பரில் ஏதோ கம்பெனி மூடியபோது
எடைக்குப் போட்டதில் பொறுக்கிய சிபியு.
அதன் முதுகில் நீலமாய் ஒரு வாய்,
மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து துளை.
புதியதின் முதுகிலோ
உண்டியல் மாதிரி ஒரு கீறல், அவ்வளவுதான்.
ஸ்டான்லியில் ஒரே பெஞ்சில் உட்காரவைத்த
இரண்டு பேஷண்ட் போல
இரண்டும் முகம் கொடுக்கவில்லை.

மிண்ட்டில் ஒரு அடாப்டர் வாங்கினேன். இருநூற்றைம்பது.
இந்தப் பக்கமும் பொருந்தியது, அந்தப் பக்கமும் பொருந்தியது.
சிக்னல் இல்லை என்று ஒரு கட்டம்
திரையில் இங்கும் அங்கும் மிதந்தது.
மன்சூர் போனிலேயே சிரித்தான்.
'அது புதுசுலேர்ந்து பழசுக்குப் போறதுக்கா.
உனுக்கு பழசுலேர்ந்து புதுசுக்கு.
இது ஒன்வே.'
எங்கள் தெருவும் ஒன்வேதான்,
போலீஸ் இல்லையென்றால் எதிர்த்துப் போவோம்.
இது போகாதாம்.

சிபியுவில் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது.
தேசிங்கு உள்ளே இருக்கிறார்.
தோற்றம், மறைவு, இரண்டு மகள்கள், ஒரு மருமகன்,
எல்லோரும் உள்ளே.
பார்க்கத்தான் வழியில்லை.

மன்சூர் கொண்டுவந்ததற்கு ஒரு வால் இருந்தது.
'அது அலையா அனுப்புது, இது நம்பராக் கேக்குது.
நடுவுல நின்னு மாத்துறவனுக்கு
சோறு போடணும் இல்லக்கா?'
கரண்டுக்குச் சொருக ஒரு ஓட்டைதான் உயிரோடு இருந்தது,
அதில் மவுஸ்.
மவுஸைப் பிடுங்கினேன்.

வந்துவிட்டார் தேசிங்கு.
வந்தார், ஆனால் அகலமாய்.
சதுரத்துக்குப் பழகிய படத்தை
நீளத்திரை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்திருந்தது.
காப்பீட்டு அட்டைக்கு எடுத்த போட்டோ அது,
கன்னம் ஒட்டி, காலர் எலும்பு தெரிய.
திரையில் கன்னம் உப்பியிருந்தது.
சரிபண்ணக் கைவைத்தால் மவுஸ் இல்லை.

எழுத்துப்பிழை பார்க்க வந்த அம்சா
எழுத்தையே பார்க்கவில்லை.
'பவுண்ட்ரிக்குப் போகசொல்லோ
இப்டித்தான் இருந்தாரு' என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
'இதையே போட்டுக் குடு.'

அது திரை செய்த தப்பு,
பேப்பரில் மறுபடியும் ஒட்டிப்போய்த்தான் வருவார் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
'கேட் தொறந்தாச்சா பாரு' என்று அவளை வாசலுக்கு அனுப்பிவிட்டு
டேப் பட்டனைத் தட்டித் தட்டி
போட்டோவின் அகலம் என்ற கட்டத்துக்குப் போய்
மூன்றில் ஒரு பங்கு கூட்டினேன்.
திரையில் இப்போது யாரோ ஒரு ஆள்,
பூசணிக்காய் மாதிரி, சிரிப்புகூட வந்தது.
கண்ணை மூடிக்கொண்டு பிரிண்ட் கொடுத்தேன்.

பிரிண்டர் கம்பி அந்தக்காலத்து அகலக் கம்பி,
அது மட்டும் இதுவரை முரண்டு பிடித்ததில்லை.
முதல் காகிதம் சூடாக வந்தது.
அம்சா திரையில் பார்த்த அதே ஆள்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
மை காய்ந்ததா என்று ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தாள்.
ஐம்பது காப்பி. எண்ணி வாங்கிக்கொண்டு
மூடியிருந்த கேட்டுக்கடியில் குனிந்து போனாள்.

மவுஸை மாட்ட வாலைப் பிடுங்கினேன்.
சிக்னல் இல்லை.
அடாப்டர் இன்னும் சுட்டது.
மன்சூருக்கு நூறு ரூபாய் பாக்கி.