கோலுக்கு முதுகு

கங்காஸ் உள்ளரங்கின் மேசையில்
பத்தொன்பது வருடமாகப் புள்ளி எழுதுகிறேன்.
வாரநாளில் மத்தி டப்பா ஆலை,
சனிக்கிழமை மாலை இந்தப் பேனா.
என் தாளில் கோலுக்குக் கட்டம் உண்டு,
மஞ்சள் அட்டைக்கு உண்டு,
இரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்தவனுக்கும் உண்டு.
அமாரோவுக்குத்தான் இல்லை.

அவன் பிவட்.
ஆறு மீட்டர் கோட்டின் விளிம்பில்
கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பது உத்தியோகம்.
இருவர் இடுப்பைப் பிடிப்பார்கள்,
ஒருவன் சட்டையை முறுக்குவான்,
நடுவர் பார்க்காத பக்கம் விலாவில் ஒரு முழங்கை.
நகரமாட்டான்.
அவன் நகராததால் திறந்த சந்தில்
வேறொருவன் எம்பி எறிவான்.
வேறொருவன் பெயரை நான் எழுதுவேன்.

பதினேழு வயதில்
கதவுக் கைப்பிடி, குளிர்பெட்டி, ரொட்டி வரைக்கும்
பிசினை ஒட்டவைத்து வீட்டில் வசை வாங்கியவன்.
கிளப்புகள் திவாலான வருடம் போலந்து போனான்.
பிறகு ருமேனியா; அங்கே நான்கு மாதச் சம்பளம்
இன்னும் வரவேண்டியிருக்கிறது.
பிறகு பிரான்சில் ஏதோ ஒரு ஊர், முழங்காலில் கத்தி.
தேசிய அணி ஒருமுறை கூப்பிட்டது:
நட்புப் போட்டி, பதினோரு நிமிடம்.
தொலைக்காட்சியில் அவன் முதுகு தெரிந்தது.

முப்பத்தாறில் திரும்பி வந்து
மூன்று பருவம் எங்களுக்கு ஆடினான்.
கடைசி ஆட்டம், கடைசி நிமிடம், ஏழு மீட்டர்.
அவனே விழுந்து வாங்கித் தந்தது, வழக்கம்போல.
வழக்கத்துக்கு மாறாக
பந்தை அவன் கையிலேயே வைத்துவிட்டு
எல்லோரும் விலகிக்கொண்டார்கள்.

கோல் எதிரே இருந்தது.
இவ்வளவு பெரிதா என்பதுபோல் பார்த்தான்.
காவல் நின்ற பையனுக்கு இருபது வயதிருக்கும்;
அவன்கூடக் கொஞ்சம் ஒதுங்கித்தான் நின்றான் என்று எனக்குப் பட்டது.
எறிந்தான்.
கம்பத்தில் பட்டுத் தெறித்தது.

நாங்கள் தலையில் கைவைப்பதற்குள்
அந்த உடம்பு தானாகத் திரும்பிவிட்டது:
முதுகு கோலுக்கு,
பாய்ந்து வந்த தடுப்பாளன் நெஞ்சுக்கு.
பிரெய்ஷோ இடது ஓரத்திலிருந்து வந்து
பந்தைப் பொறுக்கி உள்ளே போட்டான்.
வலை அதிர்ந்த சத்தம் கேட்டுத்தான்
அமாரோ சிரித்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

பதினான்காம் எண், பிரெய்ஷோ, கோல்
என்று எழுதினேன்.
மேசைக்கு வந்து கைகொடுத்தான்.
அப்புறம் நான் தாளை நீட்டியபோது
கையெழுத்துப் போட வந்த நடுவர் கேட்டார்,
கட்டங்களுக்கு வெளியே
கட்டைவிரல் அளவுக்கு இது என்ன,
பிசுபிசுவென்று.