மூன்று இடம் தள்ளி

கோட்கா துறைமுகம், ஏழாம் கிடங்கின் பின்னறை.
அங்கே ஒரு பழைய கணினி.
அணைத்துப் பார்க்க யாருக்கும் துணிவில்லை,
திரும்ப எழுமோ எழாதோ.
வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னார்கள்,
அதற்கு எக்ஸ்எம்எல் புரியும் என்று.
பொய்.
அதற்கு எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.

மூன்று இடம் தள்ளித் தொடங்கினால் லாரி.
ஆறு தள்ளினால் முதலில் பெறுபவர், பிறகு கட்டுகள்.
ஒன்பது என்றால் பலகையின் நீளம்.
கோண அடைப்புக்குள் நான் எதை எழுதினாலும் பார்ப்பதில்லை.
திறந்ததை மூடி, மூடியதைச் சரிபார்த்து
நான் காக்கும் ஒழுங்கெல்லாம்
அதற்கு வேலியோரப் புல்.
விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம்?
வேறு கேள்வி கிடையாது.

எங்கள் புதிய மென்பொருளோ
நானூறு கட்டுகளையும் ஒரே வரியில்
மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடும்.
பழையது முதல் எண்பது எழுத்தை வாங்கிக்கொண்டு
மிச்சத்தைத் தரையில் சிந்தும்.

எனவே திங்கள் இரவு ஒரு நிரல் எழுதினேன்.
தாய்க்கு மூன்று இடம் உள்ளே பிள்ளை,
அதற்கும் மூன்று உள்ளே பேரப்பிள்ளை.
டேப் மட்டும் கூடாது:
என் கண்ணுக்கு அது எட்டு இடம்,
கிழத்துக்கு ஒற்றை எழுத்து.
திரையில் படிக்கட்டுபோல் இறங்கியது எல்லாம்.
அழகாக இருந்தது.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

செவ்வாய், காலை ஐந்தேகால்.
வாயிற்காவலில் இருந்து தூலிக்கி:
"பதினோரு லாரி நிற்கிறது.
சீட்டில் கட்டு இருக்கிறது.
யாருக்கு என்றுதான் இல்லை."

பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
கோட்டுக்குள் இரவு உடையோடு ஓடினேன்.
முதல் லாரியில் எஸ்தோனியக்காரர் ஊர்மஸ்
கம்பு ரொட்டியைக் கடித்தபடி சொன்னார்:
"ஆறு வருடமாக அங்கேதானே போகிறேன்.
எனக்கு இடம் தெரியும்."
அவருக்குத் தெரியும்.
கதவைத் திறக்கும் சீட்டு அவரிடம் கேட்பதில்லை.

என் நிரல் பெயரையும் விட்டுவைக்கவில்லை.
திறக்கும் குறி ஒரு வரி, மூடும் குறி ஒரு வரி,
நடுவே ஹிர்வென்சாலோ மரக்கடை
ஒன்பது இடம் தள்ளித் தனியே உட்கார்ந்திருந்தது.
ஒன்பது என்றால் நீளம்.
எழுத்துக்கு நீளம் ஏது?
கிழம் நேர்மையாக அச்சடித்திருந்தது:
பெறுபவர், வெற்று.
நீளம், பூஜ்யம் மீட்டர்.

ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தேன்.
உள்ளே வெறும் சொல் மட்டும் இருந்தால்
தொடாதே, அப்படியே விடு.
விரல் விறைத்து அரைப்புள்ளியை இருமுறை தவறவிட்டேன்.
ஆறு நாற்பதுக்குக் கதவு உயர்ந்தது.
ஊர்மஸ் கைகூட அசைக்கவில்லை,
தாமதமாகிவிட்டது அவருக்கு.

பிழைச் சீட்டுகளில் ஒன்றைத் தூலிக்கி
தன் கண்ணாடிக் கூண்டில் குத்தி வைத்திருக்கிறாள்.
என்னைப் பார்த்தால் இப்போதும் கேட்பாள்:
"அந்தப் பெயரில்லாதவருக்கு
எப்போது அனுப்பப் போகிறாய்?"