ஐஸ் கம்பெனியில் பதினொரு புதர்கள்

ஸ்ட்ராஸ்பூரிலிருந்து பெலிசியா எழுதியிருந்தாள்:
நகராட்சித் தோட்டத்தில் எனக்கென்று
மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் மண் ஒதுக்கியிருக்கிறார்கள்.
பண்ணையில் வளர்ந்தது எதுவும் வேண்டாம்.
கேப்பர் மலைச் செம்மண்ணில் தானாய் முளைத்த புதர் அனுப்பு.
ஜனவரியில் இங்கே மைனஸ் ஒன்பது.
வீட்டுக்குள் தூக்கிவைத்துக் கொஞ்ச எனக்கு நேரமில்லை.
ஊர் ஞாபகத்துக்காகக் கேட்கவில்லை,
பூக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிரித்தேன்.
பிறகு அரிவாளும் ஈரச்சாக்கும் எடுத்துக்கொண்டேன்.

எட்டு ஞாயிறு.
காயா, குருந்து, கிளா, காரை, சூரை,
வெட்பாலைக் கன்று ஒன்று,
பெயர் தெரியாமல் 'முந்திரித்தோப்பு வேலி' என்று சீட்டெழுதிய ஒன்று.
காயாவிடம் மட்டும் கை கொஞ்சம் நின்றது.
கிளையோடு கிளையாய் ஒட்டி
மண்ணெண்ணெய் அடுப்புச் சுடரின் நீலம்.
போகப்போவது இதுதான் என்று
அங்கேயே முடிவுகட்டிவிட்டேன்.
பத்து சேர்ந்தது.
பதினொன்றாய், பெட்டி ஒன்று காலியாய் இருந்ததால்,
தேவனாம்பட்டினத்து இடிந்த கோட்டைச் சுவரோரம்
ஆடு கடித்துப்போட்ட நொச்சி.

பனிக்கு எங்கே போவது கடலூரில்?

முதுநகர்த் துறைமுகத்தருகே மரைக்காயர் ஐஸ் கம்பெனி,
குளிர் அறையில் ஒரு மூலை.
வாடகை, அவர் வீட்டு வாசலுக்கு இரண்டு தொட்டி இட்லிப்பூ.
தெர்மகோல் மீன்பெட்டிகளில் செம்மண் நிரப்பி
வேரைச் சுற்றி உமி திணித்தேன்.
வஞ்சிரம் நாறியது என் ஆய்வுக்கூடம்.
அம்மோனியாக் குழாய்கள் மேல்
எந்தச் செடிக்கும் முன்னால் வெள்ளையாய்ப் பூத்திருந்தது உறைபனி.
இரவு ஷிப்ட் வடமலை எட்டிப் பார்த்தார்:
"செடிய எதுக்கும்மா பொணம் மாதிரி வச்சிருக்க?"

ஐந்து டிகிரியில் காரை முகம் சுளித்தது.
பூஜ்யத்தில் குருந்தின் இலை கண்ணாடியானது,
தொட்டேன், உடைந்தது,
உடைந்த இடத்தில் எலுமிச்சை வாசம்.
மைனஸ் இரண்டில் காயா.
அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.
இரண்டு பக்கம் எழுதினேன்.
மைனஸ் ஆறில் மிச்சம் எல்லாம் கறுத்தன,
நொச்சியும்தான்.

வலை உலர்த்துகிற இடத்துக்குப் பின்னால்
பெட்டிகளைக் கவிழ்க்கச் சொன்னேன்.
ஒன்றை வடமலை கவிழ்க்கவில்லை.
இடுப்பு வலி என்றார்.

பத்தொன்பதாம் நாள்
உமியை விலக்கிக்கொண்டு
ஐந்து விரலும் மடித்த
ஒரு பச்சைக் கை.

கோட்டை காத்தவர்கள் சூடிய பூ என்று
பத்தாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.
கோட்டை விழுந்த பிறகும்
அது அங்கேயே நின்றுகொண்டிருக்கும் என்று
அந்தப் பாடத்தில் இல்லை.

அடுத்த சுற்று, மைனஸ் ஒன்பது.
மேலே செத்தது, கீழே துளிர்த்தது.
ஸ்கேலும் பென்சிலுமாய்
நாலு இலை, ஏழு இலை என்று அளந்துகொண்டிருந்தேன்.
ஒரு திங்கட்கிழமை போனால்
மொட்டைக் குச்சி.
மூலையில் போர்வைக்குள்ளிருந்து
வடமலையின் சிவந்த மூக்கு மட்டும் பேசியது:
"ராத்திரி தலை ஒரே பாரம்மா. ஆவி பிடிச்சேன்."

குறிப்பேட்டில் எழுதினேன்:
இலையிழப்பு நூறு சதம்.
காரணம், குளிர்.
அடித்துவிட்டு, சளி.

வாரம் பத்து நாளில் அது மறுபடி துளிர்த்தது.
வியக்கக்கூட விடாத செடி.

பெலிசியா,
நூற்றிருபது விதை, தாவர நலச் சான்றிதழோடு வருகிறது.
பூ சிறியது. நீலம் என்று சத்தியம் செய்ய முடியாது.
நடந்துபோகிறவர் நிற்கமாட்டார்.
முதல் குளிர்காலம் முடிந்ததும் செத்ததென்று பிடுங்கிவிடாதே,
சோம்பேறியாய் இரு.
தெருவில் யாருக்காவது மூக்கடைத்தால் மட்டும்
தோட்டத்தைப் பூட்டிவை.