பன்னிரண்டு நிமிடம்

ஞாயிறு இரவு ஒன்பதுக்குத்தான் வந்தது தொலைநகல்.
அதிமேதகு ஜனாதிபதி அவர்களின் வாராந்த நிகழ்ச்சி நிரல்.
நுவரெலியாக் கச்சேரியில் தமிழுக்கு நான் ஒருத்திதான்.
"விடியிறதுக்குள்ள வேணும் மிஸ்" என்றார் கலப்பத்தி ஐயா,
கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே.

திங்கள்: நற்சான்றுப் பத்திரங்கள் ஏற்றல். மூன்று தூதுவர்கள்,
மூவருக்கும் முழுப்பெயர்.
மரியாதை நிமித்தச் சந்திப்பு, ஒரு கடற்படைத் தளபதி.
செவ்வாய்: அமைச்சரவை.
கைபழகிய சொற்கள், பேனா தானாகப் போகும்.

புதனில் நின்றது.
"கிளன்டாரா தோட்டம், மேற்கணக்கு.
தோட்ட மக்களுடன் சுமுகமான உரையாடல், 150 பேர்.
மு.ப. 10.40 முதல் 10.52 வரை."

வகுத்துப் பார்த்தேன்.
ஆளுக்கு ஐந்து விநாடிகூட இல்லை.
பெயரைச் சொல்லலாம்.
தகப்பன் பெயரையும் சேர்த்தால்
அடுத்தவளின் நேரத்தில் கை வைத்ததாகும்.

மேற்கணக்கு ஆறாம் லயத்தில் நான் பிறந்ததைக்
கச்சேரியில் யாரும் கேட்டதில்லை.
நானும் சொன்னதில்லை.

திங்கள் மாலை முதல் திருத்தம்:
ஒன்பது நிமிடம். உரையாடல் போய் "வருகை."
செவ்வாய் காலை, முடக்கு வரைக்கும் தார் போட்டார்கள்,
ரோட்டைப் பார்த்த லயங்களுக்கு மட்டும் நீலப் பெயின்ட்.
செவ்வாய் இரவு இரண்டாம் திருத்தம்:
நான்கு நிமிடம், மேடையிலிருந்து கையசைத்தல்.

"கையசைத்தல், கொஞ்சம் மரியாதையா தமிழ்ல இல்லையா?"
"திருக்கரம் அசைத்தருளல்" என்றேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
நல்லாயிருக்கு, போடுங்க என்றார்.

புதன் ஆறரைக்கே பிரட்டுக்களத்தில் ஆட்கள்.
தலைக்குத் தலை புதுக் கூடை,
பின்னேரம் ஸ்டோருக்குத் திருப்பித் தரவேண்டும்.
மைக் பிடிக்க என்னைக் கூட்டிப் போயிருந்தார்கள்.
முன்வரிசையில் பவளக்கொடி அக்கா, உற்றுப் பார்த்து,
"நீ சன்னாசி மகதானே?
பேசச் சொல்லி என்னயத்தான் எழுதியிருக்காக.
ஒரே வசனம். நாலு நாளா மலையில சொல்லிச் சொல்லிப் பாக்குறேன்.
எங்க லயத்துக்கு ஒரு விலாசம் குடுங்க சாமி."
கைக்கடிகாரத்தில் பார்த்தேன்.
மூன்று விநாடி.
திருத்தங்கள் எதுவும் அவளிடம் போயிருக்கவில்லை.

பத்து மணிக்கு இறங்கியது பனிமூட்டம்.
முதலில் கோயில் கோபுரம் காணாமல் போனது,
பிறகு ஸ்டோர், பிறகு மேடை,
பிறகு பத்தடி தள்ளி நின்ற பொலிஸ்காரர்.
பத்து நாற்பதுக்கு, சொன்னால் சொன்ன நேரம்,
தலைக்கு மேலே ஹெலிகொப்டர்.
சத்தம் மட்டும்.
இரண்டு முறை சுற்றியது. 
ஆட்கள் பனியைப் பார்த்துக் கையசைத்தார்கள்.
யாரோ அழுத குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள்.
சத்தம் அட்டன் பக்கமாய்ப் போய்த் தேய்ந்தது.

பன்னிரண்டு மணிக்குச் செக்ரோலை விரித்தார்
கணக்கப்பிள்ளை அந்தோனிமுத்து.
தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் சம்பளம்.
கொழுந்து இல்லை, தராசு ஏறவில்லை,
ஆகவே எல்லோருக்கும் அரைப் பேர்,
தொரை சொல்லிவிட்டாராம்.
கூடையைக் கீழே வைத்தாள் பவளக்கொடி அக்கா.
"அப்ப அவருக்கு?"
"யாருக்கு?"
"மேல வந்துட்டுப் போனாரே. அவருக்கு இன்னைக்கு
முழுப் பேரா, அரைப் பேரா?"
அந்தோனிமுத்து பென்சிலைச் சீவத் தொடங்கினார்.

வியாழன் வந்தது நிறைவு அறிக்கை.
புதன் 10.40: நடைபெற்றது.
கலந்துகொண்டோர்: 150 பேர்.
நூற்றைம்பது அரைப் பேர்.
கூட்டி, தமிழ்ப் பிரதியில்
எழுபத்தைந்து என்று போட்டேன்.

கலப்பத்தி ஐயாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது,
இலக்கம் தெரியும்.
தட்டச்சுப் பிழை மிஸ் என்று
சிவப்புப் பேனாவால் வெட்டி
மறுபடியும் நூற்றைம்பது ஆக்கினார்.