வான் பாயும் நாள்

ராத்திரி இருபது அடி.
விடிய நாலரைக்கு இருபத்திரண்டரை.
துருசடிக் காவலாளி அமிர்தலிங்கம்
அளவுகோலில் டோர்ச் அடித்துச் சொன்னது அவ்வளவுதான்.
மிச்சத்தைக் காதால் அறிந்தேன்:
அலைகரைக்கு அப்பால், காட்டுக்குள்,
பாரம் ஏற்றிய லொறியொன்று
பின்னுக்கு எடுத்து எடுத்து முடியாமல் நிற்கிற சத்தம்.

குளம் வான் பாயுது.

மோட்டார் சைக்கிளின் இருபுறமும் பால் கான்கள்.
எழுபத்தாறு லீற்றர். ஒன்பது வீட்டு மாடுகள்.
ஏழரைக்குள் ஒட்டுசுட்டானில் ஊற்றாவிட்டால்
புளிப்பென்று திருப்பிவிடுவார்கள்.

சுவிசிலிருந்து நகுலேசனின் குரல்பதிவு,
ஹோட்டல் குசினி வேலை முடிந்த களைப்போடு:
“மச்சான், மலையில இண்டைக்கு நாலாம் நிலை.
ஐஞ்சுக்கு மேல எண்ணிக்கை இல்லை.
அடியில பழைய பனி சீனி மாதிரி உதிருது,
அதுக்கு மேல புதுசு அரை மீற்றர்.
பாத்தா பஞ்சு மெத்தை.”

தாழ்பாலத்தைப் பார்க்கிறேன்.
தேத்தண்ணி நிறம். முழங்காலளவு இருக்கலாம்.
கீழே தார் இருக்கும்.
தாருக்குக் கீழே மண் இருக்குமா?

தவபாலனின் உழவு இயந்திரத் தடம்
சேற்றில் இறங்கித் தண்ணீருக்குள் போகிறது.
கொஞ்ச நேரம் அது தெம்பாக இருந்தது.
அவன் போனது ஐந்து மணிக்கு.
தடம் சொல்வது அவனுடைய தண்ணீரை.

ஓரத்து வெள்ளைக் கட்டைகள் பதினொன்று.
நான் வந்தபோது ஒன்பது தெரிந்தது.
பிறகு எட்டு.
ஒரு பீடி முடிய, ஆறு.

மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஒரு ரீச்சர்,
ஸ்கூட்டியை நிறுத்தாமலே கேட்கிறா:
“நீங்கள் இறங்கினா நானும் பின்னால வாறன்.”

போன கிழமைப் பதிவில் அவன் சொல்லியிருந்தான்:
“ஒராள் ஒராளாத்தான் கடக்கோணும்,
மற்றாள் கண்ணெடுக்காமல் பாத்து நிக்கோணும்.
ரெண்டு பேரும் புதைஞ்சா ஆர் கிண்டுறது?”
அந்தச் சொல்லுக்குப் பிறகு
பதிவில் ஒரு மூச்சளவு வெறுமை.
இந்த மண்ணில் நாங்கள் இருவரும்
கையால் கிண்டியிருக்கிறோம்.

“இண்டைக்கு நான் இறங்கேல்லை” என்றேன்.
மூன்று கட்டைகள்.
ரீச்சர் எஞ்சினை நிறுத்தினா.
அதிபருக்கு எடுத்த அழைப்பில்
“பாலம் மூடிப் போச்சு” என்று பொய் சொன்னா.
மூட ஒருவரும் வரவில்லை.

பத்தே காலுக்கு மழை விட்டது.
பதினொரு மணிக்கு முல்லைத்தீவு பஸ்
பக்கவாட்டில் நீரைச் சீறிக்கொண்டு போனது.
பாலம் உடையவில்லை.
உடைந்திருக்குமா என்று
இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

பஸ்ஸின் பின்னால் ரீச்சரும் போனா, திரும்பிப் பார்க்காமல்.
நான் கான் மூடியைத் திறந்து
மணந்து பார்த்தேன்.